என்ஜின் தயார், எரிபொருள் எங்கே? தில்லியின் பதிலுக்குக் காத்திருக்கும் கொச்சி

மட்டாஞ்சேரி (கொச்சி): மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அருகே உள்ள படகுத்துறையில் நின்றால், கப்பல் வாணிபத்தின் இரு காலங்களை ஒரே பார்வையில் காணலாம். முதுகுக்குப் பின்னால் மிளகும் சுக்கும் மணக்கும் பழைய பண்டகசாலைகள். பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கப்பல்கள் வந்துபோன நாள்களின் மிச்சம் அவை. எதிரே, காயலுக்கு அப்பால், ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தூர்வாரிய மண்ணைக் கொட்டி விரிவாக்கிய வில்லிங்டன் தீவு. 1928 மே 26-ல் "பத்மா" என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தபோது பாய்மரக் காலம் இங்கு முடிந்துபோனது.

இப்போது மூன்றாவது காலம் ஒன்று ஓசையின்றி வந்து நிற்கிறது. 2025 அக்டோபர் 11-ம் தேதி திறக்கப்பட்ட மட்டாஞ்சேரி வாட்டர் மெட்ரோ நிலையத்திலிருந்து புகையில்லாமல் படகுகள் புறப்படுகின்றன. லித்தியம் டைட்டனேட் பேட்டரிகளில் ஓடும் இப்படகுகள் அனைத்தும் காயலின் மறுகரையில் உள்ள கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை.

இவற்றில் ஒரு டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது என்பது பயணிகளில் பலருக்குத் தெரியாது. பேட்டரி கைவிட்டால் டீசல் கைகொடுக்கும். ஒரே எரிபொருளை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது என்ற இந்த எளிய யோசனைதான் இன்று உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களையும் ஆட்டிப்படைக்கிறது. வழக்கமான எண்ணெயிலும் ஓடும். தேவைப்பட்டால் மெத்தனாலிலோ இயற்கை எரிவாயுவிலோ ஓடும் என்கிற "இரட்டை எரிபொருள்" என்ஜின்களுக்கே இப்போது மவுசு.

அத்தகைய கப்பல்களைக் கட்டும் திறமை கொச்சிக்கு வந்துவிட்டது. ஆனால், அவற்றுக்கு ஊற்ற வேண்டிய எரிபொருள் எங்கிருந்து வரும், அதற்கான கூடுதல் விலையை யார் தருவார்கள் என்ற கேள்விக்கு தில்லியில் இதுவரை தெளிவான பதில் இல்லை. நாடாளுமன்றத்தில் அந்தக் கேள்வி உருப்படியாக விவாதிக்கப்படவும் இல்லை.

கடலடியில் கிடந்த எண்ணெய்

கொச்சிவாசிகளுக்கு இது ஏட்டளவிலான விவகாரம் அன்று. 2025 மே 24-ம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த "எம்.எஸ்.சி. எல்சா-3" என்ற லைபீரியக் கொடி தாங்கிய கன்டெய்னர் கப்பல், கரையிலிருந்து சுமார் 38 கடல் மைல் தொலைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். 640 கன்டெய்னர்களோடு, 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் தொட்டிகளில் இருந்தன.

கன்டெய்னர்கள் கொல்லம், ஆலப்புழை கரைகளில் ஒதுங்கின. அவற்றிலிருந்து சிதறிய வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை வந்து மணலோடு கலந்தன. மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைல் தொலைவுக்கு மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இழப்பீடாக ரூ. 9,531 கோடி கேட்டு உயர் நீதிமன்றம் சென்றது. அடுத்த சில நாள்களில், ஜூன் 9-ம் தேதி, "வான் ஹாய் 503" என்ற மற்றொரு கன்டெய்னர் கப்பல் வட கேரளக் கடலில் தீப்பற்றி எரிந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். என்ஜின் எத்தகையது என்பதற்கும் கப்பல் மூழ்கியதற்கும் தொடர்பு இல்லை. மாற்று எரிபொருள் கப்பலும் மூழ்கலாம். ஆனால், மூழ்கிய பிறகு என்ன ஆகும் என்பதில் வேறுபாடு பெரிது. ஃபர்னஸ் ஆயில் தார் போலத் திரண்டு வலையிலும் பாறையிலும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். மெத்தனால் நீரில் கரைந்துவிடும். திரவ இயற்கை எரிவாயு ஆவியாகிப்போகும். அமோனியாவோ மீன்களுக்கு நஞ்சு. ஆகவே, எந்த எரிபொருள் என்பது காலநிலை மாநாடுகளுக்கு மட்டும் உரிய கவலை என்று தள்ளிவிட முடியாது. மட்டாஞ்சேரிக்கு அடுத்துள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தின் அன்றாடக் கவலையும் அதுவே.

தோப்பும்படியைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை ஊர்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டே பல பத்தாண்டுகளாகத் தொழில் செய்து வருகின்றனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் உயிரிழந்தவர்களில் இப்பகுதியினர் ஏராளம். எல்சா-3 மூழ்கிய கடலில் கப்பல் வழித்தடமும் இவர்களின் மீன்பிடித் தடமும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன.

கடலை எண்ணெயில் ஓடிய என்ஜின்

பல எரிபொருளில் ஓடும் என்ஜின் என்பது புதுமை போலத் தோன்றினாலும், டீசல் என்ஜினின் பிறவிக் குணமே அதுதான். 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்கு இயந்திரங்களை ஓட்ட முடியுமா என்று பிரெஞ்சு அரசு அறிய விரும்பியதே அதற்குக் காரணம். காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதுதான் ருடால்ஃப் டீசலின் கண்டுபிடிப்பு. எந்த எண்ணெய் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

1912-ல் டென்மார்க்கின் பர்மைஸ்டர் அண்ட் வைன் நிறுவனம் "செலாண்டியா" என்ற டீசல் கப்பலைக் கட்டி பாங்காக்குக்கு அனுப்பியது. மலிவான கச்சா எண்ணெய்க் கழிவு பெருகியபோது கப்பல் உலகம் அதில் பழகிப்போனது. சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கும் கசடுதான் கப்பல்களின் உணவு. சூடாக்கினால்தான் குழாயில் ஓடும் அளவுக்குக் கெட்டியானது அது. அதில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று இருந்த விதி, 2020 ஜனவரி 1 முதல்தான் 0.5 சதவீதமாகக் குறைந்தது.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஆய்வுப்படி 2018-ல் கப்பல்கள் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களின் அளவு சுமார் 107 கோடி டன். உலக மொத்தத்தில் இது 2.89 சதவீதம். கப்பல் போக்குவரத்து ஒரு நாடாக இருந்தால் பெரிய நாடுகளின் வரிசையில் இடம் கேட்கும்.

இன்றைய இரட்டை எரிபொருள் என்ஜினில் சிலிண்டருக்கு இரு வகைப் பீய்ச்சிகள் இருக்கும். மெத்தனால் எளிதில் தானாகப் பற்றாது. எனவே முதலில் ஒரு துளி டீசல் பீய்ச்சப்பட்டுத் தீ மூட்டப்படுகிறது. அந்தத் தீயில் மெத்தனால் எரிகிறது. மெத்தனால் தீர்ந்தாலோ, குழாயில் கசிவு தென்பட்டாலோ, கப்பல் நிற்காமலேயே என்ஜின் எண்ணெய்க்கு மாறிவிடும். நடுக்கடலில் இந்த உத்தரவாதம்தான் கப்பல் முதலாளிகளை ஈர்க்கிறது. ஸ்வீடனின் "ஸ்டெனா ஜெர்மானிகா" பயணிகள் கப்பல் 2015-லேயே மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. 2023-ல் மெர்ஸ்க் நிறுவனத்தின் "லாரா மெர்ஸ்க்" இத்தகைய என்ஜினுடன் வந்த முதல் கன்டெய்னர் கப்பலாகியது. என்ஜினை வடிவமைத்தது, செலாண்டியாவைக் கட்டிய அதே நிறுவனத்தின் வாரிசு. 2025-ல் அது எவர்லென்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டுள்ளது.

இடைஞ்சல்களும் உண்டு. ஒரு கிலோ எண்ணெய் தரும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதியைத்தான் ஒரு கிலோ மெத்தனால் தரும். அதே தொலைவு செல்ல இரண்டரை மடங்கு பெரிய தொட்டி வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண வெப்பத்திலேயே பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் என்பதால் இரட்டைச் சுவர்க் குழாய்கள், ஆவியைக் கண்டறியும் கருவிகள் எல்லாம் கட்டாயம்.

தமிழர்களுக்கு மெத்தனால் என்ற சொல் வேறொரு வழியில் பழக்கம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது இதே திரவம்தான். ஆயிரக்கணக்கான டன் மெத்தனாலைத் துறைமுகங்களில் தேக்கிவைக்கப்போகும் நாடு, அது எங்கே போகிறது என்று சொட்டுச் சொட்டாகக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். கப்பல் துறைக் கோப்புகளில் அதிகம் பேசப்படாத விஷயம் இது.

நார்வேக்குப் போன கப்பல்கள்

1972-ல் தொடங்கப்பட்ட கொச்சி தளம், ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் தொழில் கற்றது. அங்கு கட்டப்பட்ட முதல் பெரிய கப்பலான "ராணி பத்மினி" 1981-ல் ஒப்படைக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் "விக்ராந்த்" இத்தளத்தின் பெயரை நாடறியச் செய்தது. ஆனால், தொழில்துறையினர் கவனிப்பது வேறு சில கப்பல்களை.

2022-ல் நார்வேயின் ஆஸ்கோ நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட "மாரிஸ்", "தெரேஸ்" ஆகிய இரு சரக்குக் கப்பல்கள் முழுவதும் மின்சாரத்தில் ஓடுபவை. ஆளில்லாமலே இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. அடுத்து, நெதர்லாந்தின் சாம்ஸ்கிப் நிறுவனத்துக்காக ஹைட்ரஜன் எரிகலத்தில் இயங்கும் இரு கன்டெய்னர் கப்பல்களுக்கான பணி. 2024-ல் எஃகு வெட்டும் சடங்கு நடந்தது. நார்வேயின் ஆஸ்லோவுக்கும் ரோட்டர்டாமுக்கும் இடையே ஓட வேண்டிய இவற்றிலும் டீசல் ஜெனரேட்டர் துணைக்கு உண்டு. 2025 அக்டோபரில், பிரான்சின் சி.எம்.ஏ. சி.ஜி.எம். நிறுவனம் தலா 1,700 கன்டெய்னர்களை ஏற்றக்கூடிய ஆறு கப்பல்களுக்குக் கொச்சியுடன் விருப்பக் கடிதத்தில் கையெழுத்திட்டது. திரவ இயற்கை எரிவாயுவிலும் எண்ணெயிலும் ஓடும் இரட்டை எரிபொருள் கப்பல்கள் அவை.

கப்பல் கட்டுமானத்தில் உலக அளவில் ஒரு சதவீதப் பங்குகூட இல்லாத இந்தியாவுக்கு இது சாதாரண சாதனை அன்று. எனினும், பட்டியலைப் படிக்கும் எவருக்கும் ஒன்று தோன்றும். ஏட்டில் மிகத் தூய்மையாக இருக்கும் கப்பல்கள் நார்வேக்கும் ரோட்டர்டாமுக்கும் போகின்றன. கொச்சிக் கடலில் மிதப்பவை பழைய கசடு எண்ணெய்க் கப்பல்களே. எல்சா-3 கட்டப்பட்டது 1997-ல்.

உள்நாட்டுக்கென வந்தவை சிறிய படகுகள். ஹைட்ரஜனில் ஓடும் ஒரு பயணிகள் படகைக் கொச்சி தளம் கட்டியது. 2024 பிப்ரவரி 28-ம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவிலிருந்து பிரதமர் நரேந்திர மோடி அதைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். கொச்சியில் கட்டி, தூத்துக்குடியில் கொடியசைத்து, வாராணசிக்கு அனுப்பப்பட்ட படகு அது. 2025 டிசம்பரில்தான் கங்கையில் சேவைக்கு வந்தது.

ஐரோப்பாவிடமிருந்து ஆர்டர்கள் வருவதற்குக் காரணம் சூழல் அக்கறை மட்டுமல்ல. 2024 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் கப்பல்களின் கரியமிலப் புகைக்குக் கட்டணம் வசூலிக்கிறது. 2025 ஜனவரி முதல் எரிபொருளின் தூய்மைக்கும் அளவுகோல் வைத்துவிட்டது. கசடு எண்ணெயை எரித்தால் அங்கே செலவு கூடும். எனவே முதலாளி தூய்மையான கப்பலைத் தேடுகிறார். இந்தியக் கடலில் அப்படி எந்தக் கட்டணமும் இல்லை.

அவையில் அமளி, சட்டம் நிறைவேற்றம்

உலகம் முழுவதற்கும் அத்தகைய கட்டணம் வந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் லண்டனில் கூடிய சர்வதேசக் கடல்சார் அமைப்பின் குழு, 5,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு எரிபொருள் தர வரம்பும் கட்டணமும் விதிக்கும் திட்டத்துக்கு 63-க்கு 16 என்ற வாக்குகளில் ஒப்புதல் தந்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால், அக்டோபரில் இறுதி ஒப்புதலுக்காகக் கூடியபோது அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. சவூதி அரேபியா கொண்டுவந்த ஒத்திவைப்புத் தீர்மானம் 57-க்கு 49 என்ற வாக்குகளில் நிறைவேறி, முடிவு ஓராண்டுக்குத் தள்ளிப்போனது.

லண்டனில் இழுபறி என்றால் தில்லியில் அவசரம். 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றான மசோதா, 2025 ஆகஸ்ட் 6-ல் மக்களவையிலும் 11-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 1908-ம் ஆண்டின் துறைமுகச் சட்டத்துக்கு மாற்றான மசோதாவும் அதே கூட்டத்தொடரில் வந்தது. கடலோரக் கப்பல் போக்குவரத்து, கடல்வழிச் சரக்கு, சரக்கு ரசீது ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரே ஆண்டில் ஐந்து கப்பல் சட்டங்கள்.

அந்த நாள்களில் அவையின் செய்தியாளர் மாடத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் குறித்து விவாதிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் பதாகைகளுடன் மையப்பகுதியில் நின்றன. கூச்சலுக்கு நடுவே துறை அமைச்சர் சர்வானந்த சோனோவாலின் மசோதா குரல் வாக்கெடுப்பில் கரையேறியது. எதிர்க்கட்சிகளின் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அரசும் அவசரப்படாமல் இருந்திருக்கலாம். எல்சா-3 மூழ்கி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், கப்பல் மாசு பற்றிய அத்தியாயத்தைக் கொண்ட ஒரு சட்டம் கேள்விகள் இல்லாமல் நிறைவேறியது என்பதுதான் மிச்சம். கேரள, தமிழகக் கடலோரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பல.

சர்வதேச மாசுத் தடுப்பு உடன்படிக்கையின் விதிகளை அமல்படுத்த புதிய சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு எந்த எரிபொருளை, எந்த ஆண்டு முதல், எந்தத் துறைமுகத்தில் கட்டாயமாக்குவது என்பதெல்லாம் பின்னர் வரும் விதிகளின் கையில். நமது மரபு அப்படித்தான்: சட்டத்தை அவை இயற்றும், சட்டத்தின் சாரத்தை அதிகாரிகள் எழுதுவார்கள்.

பணம் ஒதுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2025 செப்டம்பர் 24-ம் தேதி மத்திய அமைச்சரவை கப்பல் கட்டுமானத்துக்காக ரூ. 69,725 கோடித் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே, 2023-ல் திருத்தப்பட்ட மானிய விதிகளில், மெத்தனால், அமோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றில் இயங்கும் கப்பல்களைக் கட்டும் தளங்களுக்கு 30 சதவீத உதவியும் மின்சார, கலப்பு முறைக் கப்பல்களுக்கு 20 சதவீத உதவியும் என வகுக்கப்பட்டது. துறைமுக இழுவைப் படகுகளை மாற்றும் திட்டம் 2024-ல் தொடங்கியது. முதல் கட்டத்தில் தூத்துக்குடி உள்ளிட்ட நான்கு துறைமுகங்கள் தலா இரண்டு பசுமைப் படகுகளையாவது வாங்க வேண்டும்.

இவை எல்லாமே கப்பலுக்கான உதவி. எரிபொருளுக்கு? ரூ. 19,744 கோடியிலான தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் கப்பல் துறையின் முன்னோடித் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது ரூ. 115 கோடி. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

தூத்துக்குடித் தொட்டியின் கணக்கு

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை தூத்துக்குடியில் பார்க்கலாம். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை திறக்கப்பட்டது. அத்துடன், கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. குஜராத்தின் காண்ட்லாவிலிருந்து தூத்துக்குடி வரை ஒரு பசுமைக் கப்பல் வழித்தடம் என்பது அதன் பின்னணியில் உள்ள திட்டம். கொச்சி அந்த வழியில்தான் இருக்கிறது. நிலையத்தின் மதிப்பீடு ரூ. 35.34 கோடி, கொள்ளளவு 750 கன மீட்டர்.

அந்தத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 590 டன் மெத்தனால் பிடிக்கும். ஆற்றலில் அது 300 டன்னுக்கும் குறைவான எண்ணெய்க்குச் சமம். எல்சா-3 மூழ்கியபோது அதன் தொட்டிகளில் ஃபர்னஸ் ஆயிலும் டீசலுமாக இருந்தது 450 டன். அதாவது, நாட்டின் முன்னோடி நிலையத்தின் முழுத் தொட்டியையும் வடித்தாலும், நடுத்தர அளவிலான ஒரு பழைய கப்பலின் வயிற்றில் மிச்சம் இருந்த எண்ணெய்க்கு ஈடாகாது. முன்னோடித் திட்டம் சிறியதாகத்தான் இருக்கும் என்ற வாதத்தை ஏற்கலாம். ஆனால், அதற்கு அடுத்த தொட்டி எப்போது, எங்கே என்ற அட்டவணையாவது வேண்டும் அல்லவா?

தொட்டிக்குள் என்ன ஊற்றுவது என்பது அதைவிடச் சிக்கல். இந்தியா தனக்குத் தேவையான மெத்தனாலில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. அது இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுவது. உள்நாட்டில் நிலக்கரியிலிருந்து மெத்தனால் எடுக்கலாம் என்று நீதி ஆயோக் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நிலக்கரியை வாயுவாக்கும் திட்டங்களுக்கு 2024 ஜனவரியில் ரூ. 8,500 கோடி ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. இறக்குமதிச் செலவு குறையும் என்பது மெய். ஆனால், நிலக்கரி மெத்தனாலைக் கப்பலில் ஊற்றினால் புகை கப்பலின் புகைபோக்கியிலிருந்து ஆலையின் புகைபோக்கிக்கு இடம் மாறும், அவ்வளவே. மொத்தக் கணக்கில் கசடு எண்ணெயைவிட அது மோசம். உண்மையான பசுமை மெத்தனாலின் விலையோ எண்ணெயைப் போல இரு மடங்குக்கும் மேல்.

எரிவாயு விஷயத்தில் கொச்சிக்கு ஓர் அனுகூலம் உண்டு. துறைமுகத்தின் நுழைவாயிலில், வைப்பின் கரையில் உள்ள புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனத்தின் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2013 முதல் இயங்குகிறது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்ட இம்முனையம், குழாய்ப் பாதை இல்லாமல் பல ஆண்டுகள் பெரும்பாலும் சும்மா கிடந்தது. மங்களூருக்கான குழாய் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. முனையத்தை முதலில் கட்டி, வாடிக்கையாளரைப் பின்னர் தேடிய கதை அது. கப்பல் விஷயத்தில் நாம் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். எரிவாயுவும் முழுத் தீர்வு அன்று. எரியாமல் நழுவும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது.

மண்ணெண்ணெய் சொன்ன பாடம்

இரட்டை எரிபொருள் என்ஜின் வாங்கியவர் எதை ஊற்றுவார் என்பதை அறிய ஐரோப்பா செல்ல வேண்டியதில்லை. கேரளக் கரையில் நாட்டுப்படகுகளில் பொருத்தப்பட்டுள்ள வெளிப்பொருத்து என்ஜின்களைப் பார்த்தாலே போதும். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது இம்மீனவர்களுக்குக் கைவந்த கலை. வணிகப் பெயர் எதுவும் சூட்டாமலேயே பல்லாண்டுகளாக அவர்கள் இரட்டை எரிபொருள் என்ஜின்களை ஓட்டி வருகிறார்கள்.

மண்ணெண்ணெய்க்கு மாறுவதற்கு ஒரே காரணம் விலை. மானிய மண்ணெண்ணெய் கிடைத்தவரை கணக்கு சரியாக இருந்தது. மத்திய ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 2022-ல் லிட்டர் விலை 100 ரூபாயைத் தாண்டியது. கேரள எம்.பி.க்கள் கேள்வி நேரத்தில் எழுப்பி அலுத்துப்போன விவகாரம் இது. பெரிய கப்பலின் முதலாளியும் இதே கணக்கைத்தான் போடுவார். தொட்டியில் மெத்தனாலுக்கு இடம் இருக்கும். மானியம் வாங்கும்போது அதைக் காட்டுவார். கடலுக்குப் போனதும் மலிவான எண்ணெயை எரிப்பார். சட்டப்படி அதில் தவறும் இல்லை. கப்பல் எதில் ஓடக்கூடியது என்று பார்த்து மானியம் தரும் விதி, அது எதில் ஓடியது என்று ஆண்டு இறுதியில் கேட்கவும் வேண்டும். அப்படிக் கேட்கும் பிரிவு நமது மானிய விதிகளில் முதன்மை பெறவில்லை.

என்ஜின் யாருடையது என்பதும் கேட்கப்பட வேண்டியது. கொச்சியில் கட்டப்படும் பெரும் கப்பல்களின் இதயம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில்தான் கடற்படைக்காக 6 மெகாவாட் டீசல் என்ஜினை உருவாக்கும் பணி ரூ. 270 கோடியில் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செலவில் 70 சதவீதம் அரசினுடையது. டீசலிலேயே இப்போதுதான் காலடி வைக்கிறோம். கடல்கடந்து செல்லும் சரக்கில் சுமார் 5 சதவீதமே இந்தியக் கப்பல்களில் போகிறது, வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் ரூ. 6 லட்சம் கோடி வாடகை தருகிறோம் என்று 2025 செப்டம்பரில் பாவ்நகரில் பிரதமரே கூறினார். அதே கூட்டத்தையொட்டி, தூத்துக்குடியில் கொச்சி தளமும் மசகான் டாக் நிறுவனமும் தலா ரூ. 15,000 கோடியில் கப்பல் கட்டும் தளங்கள் அமைக்கத் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அங்கே கட்டப்படும் கப்பல்கள் முப்பது ஆண்டுகள் கடலில் இருக்கும். எந்த என்ஜினுடன் என்பதை இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.

புதிய கப்பல்களுக்காகக் காத்திருக்காமல் பழையவற்றை மாற்றும் வழியும் உண்டு. வில்லிங்டன் தீவில் ரூ. 970 கோடியில் அமைந்த சர்வதேசக் கப்பல் பழுதுபார்ப்பு மையத்தை 2024 ஜனவரி 17-ம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 6,000 டன் எடையைத் தூக்கும் கப்பல் தூக்கி அங்கே இருக்கிறது. கடலோரச் சரக்குக் கப்பல்களின் என்ஜின்களை மாற்ற இதைவிடத் தோதான இடம் தென்னிந்தியாவில் வேறில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளில் இத்தகைய எரிபொருளைக் கையாளப் பயிற்சி பெற வேண்டியவர்கள் ஏராளம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றும் கொச்சியில் உள்ளது. தளம் உண்டு, கூடம் உண்டு, ஆள் உண்டு.

பிரெஞ்சு நிறுவனத்துக்கான ஆறு கப்பல்களும் இந்தியக் கொடியுடன் 2029 முதல் கடலில் இறங்க வேண்டும் என்பது திட்டம். அவற்றுக்கு எரிவாயு நிரப்பும் வசதி கொச்சியிலேயே கிடைக்குமா, கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டுமா என்பதை அதற்குள் துறைமுக, பெட்ரோலிய அமைச்சகங்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். தில்லியில் இந்த இரு அமைச்சகங்களுக்கும் இடையிலான தூரம் நடந்தே கடக்கக்கூடியதுதான்.

மாலையில் தோப்பும்படியில் குமரிப் படகுகள் பனிக்கட்டியும் அரிசியும் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. பல வாரங்கள் நீளும் பயணத்துக்காக டீசல் குழாய் ஒவ்வொரு தொட்டியிலும் நெடுநேரம் கிடக்கிறது. பயணச் செலவில் மிகப்பெரிய தொகை அதற்குத்தான் போகிறது. பாலத்துக்கு அப்பால், விளக்குப் போட்ட வாட்டர் மெட்ரோ படகு ஒன்று வில்லிங்டன் தீவைக் கடந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.